8 மாத மகள் கரண்டியைக் கண்டால் வாயை மூடுகிறாள், அடுத்த மாதம் எனக்கு வேலையும் தொடங்குது

கோண்டாவில் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். பிறகு சந்நிதி கோவிலில் வைத்துச் சோறு தீத்தினோம், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பூசணிக்காய், பருப்பும் சோறும் மசித்தது, இதரை வாழைப்பழம் எல்லாம் ஆவென்று வாயைத் திறந்து வாங்கினாள். இப்ப கரண்டியைக் கண்டாலே தலையைத் திருப்புகிறாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கிண்ணத்தைக் கையால் தட்டி விடுகிறாள், கஞ்சி முழுக்க என் சட்டையிலும் நிலத்திலும்தான். கீழே முன்பல் இரண்டும் வெள்ளையாகத் தெரிகிறது, அதனாலோ என்றும் தெரியவில்லை. போன கிளினிக்கில் நிறை 7.4 கிலோ, ஆறாம் மாதம் 7.1 இருந்தவள். இடையில் ஒருக்கா தடிமன் வந்தது. மிட்வைஃப் மிஸ் நிறைக் கார்ட்டைப் பார்த்துவிட்டு, கோடு பச்சைக்குள்தான் நிற்கிறது, பயமில்லை, அடுத்த மாதமும் பார்ப்போம் என்றார். வீட்டில் யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

மாமி பிள்ளைக்காக என்னைவிட ஓடித் திரிகிறவர், அதைச் சொல்லத்தான் வேணும். ஆனால் காலில் கிடத்திப் பருக்கினால் எல்லாம் உள்ளே போகும், உங்கட மனுசனையும் அப்படித்தான் வளர்த்தது என்கிறார். பிளேன்டீயில் மாரி பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்தால் மட்டும் சப்பிச் சாப்பிடுகிறாள் என்பதால் அதையே கொடுக்கச் சொல்கிறார். வீட்டில் மாடு நிற்கிறது, அந்தப் பாலைத் தண்ணீர் கலந்து காய்ச்சிக் கொடுத்தால் என்ன என்றும் கேட்கிறார். இரவில் முன்பு ஒரு தரம் எழும்புகிறவள் இப்ப மணிக்கொரு தரம் எழும்பி என்னைத் தேடுகிறாள். பகலில் நான் கிணற்றடிக்குப் போனாலே போதும், அயலுக்கே கேட்கிற மாதிரி அழுகை.

அரைச்சம்பள லீவும் முடிந்து இப்ப சம்பளமில்லாத லீவில் நிற்கிறேன், அதுவும் அடுத்த மாதம் முடிகிறது. பள்ளிக்கூடம் கிளிநொச்சிப் பக்கம். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வீடு. இப்படிச் சாப்பிடாத பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு எப்படிப் போகிறது என்று நினைத்தால் எனக்கே சோறு இறங்குதில்லை. இதற்குள் பல் முளைத்ததுக்குப் பிள்ளையின் தலையில் பல்லுக்கொழுக்கட்டையும் கொட்ட வேணும், லண்டனிலிருந்து மச்சாள் அதற்கென்றே வருகிறார், வரும்போது வாக்கரும் ஒன்று கொண்டுவருகிறாராம்.

இதே வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள், வளர்த்து முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கோ. எப்படிச் சாப்பிட வைத்தீர்கள்? வேலைக்குப் போனால் பாலுக்கு என்ன செய்தீர்கள்?


மானிப்பாய், இரண்டு பிள்ளைகள்:

தங்கச்சி, கரண்டியைத் தட்டி விடுகிற பிள்ளைக்குப் பசி இல்லை என்று அர்த்தம் இல்லை, அந்தக் கரண்டி தன் கையில் வேணும் என்று கேட்கிறாள். எட்டாம் மாதம் அப்படித்தான். என் இரண்டாவது மகனும் தீத்துறதை ஒரேயடியாக விட்டுவிட்டான். நாங்கள் பாய் விரித்துச் சாப்பிடும்போது அவனையும் பக்கத்தில் இருத்தி, பெரிய தட்டு ஒன்றை முன்னால் வைத்து, இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் ஊறவிட்டுப் போட்டேன். உப்பும் பச்சைமிளகாயும் போடமுதல் எடுத்து வைத்த சொதி. முதலில் உள்ளங்கையால் அள்ளிப் பிசைந்தான், தலையில் பூசினான், பாயில் தேய்த்தான். பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரே ஒரு இழையைத் தூக்கி, அதை உற்றுப் பார்த்து, வாய்க்குக் கொண்டுபோய் உள்ளே வைத்து, அடுத்த இழைக்குக் கை போட்டான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் தெரியுமா! நானும் கரண்டியோடு பக்கத்தில் இருந்தேன், இடையிடையே அவன் வாயைத் திறந்தால் பருப்புச் சோறு ஒரு வாய் போகும். தானாகச் சாப்பிடுறதும் தீத்துறதும் இரண்டும் சேர்ந்து நடக்கலாம், ஒன்றைத்தான் பிடிக்க வேணும் என்று இல்லை.

விரல் நீளத்துக்கு வெட்டி அவித்த கரட், உருளைக்கிழங்கு, பழுத்த பப்பாப்பழம், கறுத்தக்கொழும்பான் காலம் என்றால் மாம்பழத் துண்டு, மெத்தென்ற தோசைக் கீற்று, இதெல்லாம் கையில் கொடுங்கோ. இரண்டு விரலுக்கு நடுவில் அமத்தினால் நசிய வேணும், அந்தப் பதம். கச்சான், முழுத் திராட்சை, முறுக்கு, பச்சைக் கரட், தேங்காய்ச் சொட்டு கிட்டவும் வேண்டாம்.

இன்னொன்று, மிக்சியில் அடித்துக் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் அதை நிற்பாட்டுங்கோ. முள்ளுக்கரண்டியால் மசித்தால் காணும், கட்டி தட்டுப்பட வேணும். 9, 10 மாதத்துக்குள் கட்டிச் சாப்பாடு பழகாத பிள்ளைகள் பிறகு கனகாலம் ஓங்காளிக்கும், எங்கள் குடும்பத்திலேயே ஒரு பிள்ளை மூன்று வயதிலும் அடித்த சோறுதான்.

போனைக் காட்டிச் சாப்பிட வைக்கிற வேலை மட்டும் தொடங்க வேண்டாம். அது கொஞ்சம் சுகம்போல இருக்கும், பிறகு போன் இல்லாமல் வாய் திறக்காது.


பருத்தித்துறை அம்மம்மா:

பிள்ளை, மாமியைக் குறை நினையாதேங்கோ. எங்கட காலத்தில் பருக்கினதுதான், அதுக்குக் காரணமும் இருந்தது, சாமான் தட்டுப்பாடு, இடம்பெயர்வு, இருக்கிற நேரம் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் சரி என்றுதான் பார்த்தது. அந்தப் பயம் எங்களுக்கு இன்னும் போகேல்லை. உங்கட மாமிக்கும் அதுதான் இருக்கும்.

பேரப்பிள்ளைகளுக்கு நான் பருக்கிறதில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போய், காகத்துக்கும் ஒரு பிடி, அணிலுக்கும் ஒரு பிடி, பிள்ளைக்கும் ஒரு வாய். வாயை மூடினால் அதோடு விட்டுவிட்டு வேறு கதை கதைக்கிறது, கொஞ்ச நேரத்தால் திரும்பவும் கேட்கிறது. அரை மணித்தியாலத்துக்கு மேல் நான் நிற்கமாட்டேன். மாமியிடம் 'பருக்க வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அவவுக்குக் கை உடைந்த மாதிரி இருக்கும். 'மாமி, நீங்கள் காகம் காட்டித் தீத்தினால்தான் அவள் சாப்பிடுகிறாள்' என்று சொல்லிப் பாருங்கோ, வீட்டில் சண்டையும் வராது.

முருங்கையிலையை உருவிப் பருப்போடு சேர்த்து நன்றாக அவிய விட்டு மசியுங்கோ. முளைக்கட்டின பயறு, குரக்கன் மா இரண்டையும் கஞ்சியாகக் காய்ச்சி, இறக்கேக்கை ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டால் பிள்ளை நிறை வைக்கும். பேந்து தலைக்கு எண்ணெய் வைத்து இளஞ்சுடுதண்ணியில் குளிக்க வார்த்து விடுங்கோ, அன்றைக்கு நித்திரையும் கொள்ளும்.


ஓய்வுபெற்ற மருத்துவமாது:

நிறையைப் பற்றி முதலில் சொல்கிறேன், அதுதான் உங்களைக் கூடப் போட்டு வதைக்கிறது. பெண் பிள்ளைகளின் நடு அளவு ஆறு மாதத்தில் 7.3 கிலோ, ஒன்பதில் 8.2, ஒரு வயதில் 8.9. முதல் ஆறு மாதம் ஏறின வேகத்தில் பிறகு எந்தப் பிள்ளையும் ஏறாது. உங்கள் மகள் 7.4 என்பது அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, பயப்படுகிற இடத்தில் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் 300 கிராம் என்பது கொஞ்சம் குறைவுதான், தடிமன் வந்ததும் காரணமாக இருக்கும். வருகிற கிளினிக்கிலும் கோடு படுத்தே இருந்தால் எம்.ஓ.எச். டொக்டரிடம் (சுகாதார வைத்திய அதிகாரி) காட்டச் சொல்லி நீங்களே கேளுங்கோ, சும்மா திரும்பி வராதீங்கோ. 9 மாதம் முடிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசிக்கு எப்படியும் போக வேணும்.

பருக்க வேண்டாம். கிடத்தி ஊற்றினால் சுவாசக் குழாய்க்குள் போகலாம், அதைவிட, சாப்பாடு என்றாலே பிள்ளைக்குப் பயம் பிடித்துவிடும். இந்த வயதில் தாய்ப்பாலோடு சேர்த்து இரண்டு மூன்று வேளை சாப்பாடு காணும், ஒன்பது மாதத்துக்குப் பிறகு மூன்று நான்கு வேளை, இடையில் பழம் மாதிரி ஏதாவது. எதை, எப்ப கொடுக்கிறது என்பது உங்கள் வேலை. எவ்வளவு சாப்பிடுகிறது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கோ.

தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் உடனே நிற்பாட்ட வேணும். தாயின் வயிற்றில் இருக்கும்போது சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கும், தேத்தண்ணீர் சாப்பாட்டில் வருகிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டில் இருப்பது சீனியும் மாவும், வயிறு நிரம்பிவிடும், பிறகு சோற்றைப் பார்ப்பாளா? கோழி ஈரல், மீன், நன்றாக அவித்த முட்டை, பருப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று நாளாந்தம் போக வேணும். அம்மம்மா சொன்ன முருங்கையிலைப் பருப்புக்கு நாலு துளி தேசிக்காய்ப் புளி விடுங்கோ, இலையில் இருக்கிற இரும்பு அப்பத்தான் நன்றாகச் சேரும். மீன் என்றால் விளைமீன், பாரை நல்லது, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கொடுங்கோ. சுறா வறை வேண்டாம், பிள்ளைக்கு நல்லதென்று எங்கள் ஊரில் எல்லோரும் கொடுப்பார்கள், ஆனால் பெரிய மீன்களில் பாதரசம் கூட. உப்பும் சீனியும் ஒரு வயது வரை போடத் தேவையில்லை. தேனை நாக்கில் தடவுவதும் ஒரு வயதுக்கு முதல் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும்.

மாட்டுப்பால் ஒரு வயது வரை குடிக்கக் கொடுக்க வேண்டாம். இரும்பு மிகக் குறைவு, சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியவும் செய்யும். மாமிக்கு மனவருத்தம் என்றால் அந்தப் பாலில் உறைய வைத்த தயிரைக் கொஞ்சம் சோற்றில் பிசைந்து கொடுங்கோ, அதில் பிழை இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கோண்டாவில் என்றபடியால் சொல்ல வேணும். உங்கள் வலிகாமப் பகுதியில் தோட்டங்களுக்குப் போடுகிற உரமும் மலக்குழிக் கழிவும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்குகிறபடியால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூட. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பால்மா கரைத்துக் குடிக்கிற பச்சைக் குழந்தைகளுக்குத்தான் இதில் பெரிய ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயும். தாய்ப்பால் குடிக்கிற எட்டு மாதப் பிள்ளைக்கு அவ்வளவு இல்லை. என்றாலும் வேலைக்குப் போனபிறகு பால்மா தொடங்குகிற யோசனை இருந்தால், கிணற்றுத் தண்ணீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று உங்கள் பகுதி பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுவிட்டுத் தொடங்குங்கோ.

பல் முளைக்கும்போது முரசு ஊறும், எச்சில் வழியும், கண்டதையும் கடிக்கும், சாப்பாடும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். 38 பாகைக்கு மேல் காய்ச்சலும் வயிற்றாலடியும் பல்லால் வருவதில்லை. 'பல்லுக்குப் போகுது' என்று வீட்டில் வைத்திருந்து காய்ந்து வாடின பிறகு கொண்டுவந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வயிற்றாலடி என்றால் ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் பக்கற்) கரைத்துக் கொடுத்துக்கொண்டே டொக்டரிடம் போங்கோ. மாரி காலத்தில் காய்ச்சல் என்றால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை விடக்கூடாது.


ஸ்காபரோ அப்பா, சொந்த இடம் நல்லூர்:

வாக்கர் பற்றி மட்டும். கனடாவில் 2004இல் இருந்து குழந்தை வாக்கர் விற்கவும் இறக்குமதி செய்யவும் விளம்பரம் பண்ணவும் தடை, பழையதைக்கூட விற்க ஏலாது. படியால் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் அவ்வளவு பேர். எங்கள் ஊர் வீடுகளை யோசித்துப் பாருங்கோ, விறாந்தைப் படி, குசினியில் நிலத்தில் அடுப்பு, முற்றத்துக்கு அங்கால் கிணறு. கிணற்றுக் கட்டு உயரமாக இருந்தாலும் அடியில் தண்ணீர் நிறைந்த வாளி இருக்கும், அதுவே தவழுகிற பிள்ளைக்குப் போதும். வாக்கரில் விட்டால் பிள்ளை ஒரு கண் இமைப்பில் அறையின் மற்றப் பக்கம். கெதியாக நடக்கவும் அது உதவாது. மச்சாளிடம் இப்பவே சொல்லுங்கோ, வாங்கின பிறகு சொன்னால் மனவருத்தம். ஏதாவது கொண்டுவரத்தான் வேணும் என்றால் படிக்கும் குசினி வாசலுக்கும் போடுகிற தடுப்புக் கேற் கொண்டுவரட்டும். நடை பழக அங்கே தச்சரிடம் சொல்லி ஒரு மர நடைவண்டி செய்வித்தால் காணும், பிள்ளை பிடித்து எழும்பத் தொடங்கின பிறகு.


கிளிநொச்சி பஸ் டீச்சர்:

நானும் இதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன், உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்கும்.

அழுகையும் இரவு எழும்புவதும் நீங்கள் வேலைக்குப் போகப் போவது தெரிந்து அல்ல. எட்டு மாதமளவில்தான் அம்மா கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டாலும் எங்கோ இருக்கிறா என்று பிள்ளைக்கு விளங்கத் தொடங்குகிறது, அதனால்தான் தேடுகிறாள். இப்பவே சின்னச் சின்னதாக விட்டுப் பழக்குங்கோ. மாமியிடம் கொடுத்து, போட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கோ. பிள்ளை பார்க்காத நேரம் ஒளித்துப் போக வேண்டாம், அப்படிப் போனால் பிறகு நீங்கள் எழும்பின உடனேயே தொங்கிக்கொண்டு நிற்பாள்.

பால் எடுத்து வைப்பதை வேலை தொடங்கமுதலே ஆரம்பியுங்கோ. விடிய வெளிக்கிடமுதல் ஒரு பக்கம் பிள்ளை குடிக்கட்டும், மற்றப் பக்கம் பீச்சி எடுங்கோ. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம், கதவுத் தட்டில் அல்ல, உள்ளே பின்பக்கம். வெளியே நாலு மணித்தியாலம் என்று சொல்வது 25 பாகை வெப்பத்துக்கு, எங்கள் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எடுக்கிறதென்றால் ஐஸ் பொதி வைத்த பெட்டி வேணும். நான் அதிபரிடம் நேராகவே கேட்டேன், இடைவேளையில் நூலக அறையைத் தந்தா. கேட்க வெட்கப்பட வேண்டாம், எடுக்காமல் விட்டால் பின்னேரம் மார்பு கட்டிக் காய்ச்சலும் வரும். கொடுக்கும்போது சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்க வேணும், அடுப்பில் நேரே வைக்கக்கூடாது. சூப்பிப் போத்தல் பிடிக்காவிட்டால் சின்னக் கப்பால் கொடுக்கலாம், இந்த வயதில் கெதியாகப் பழகுவாள்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. மூன்று மாதத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப்போல அல்ல, உங்கள் மகள் பகலில் சாப்பாட்டோடு சமாளிக்கிற வயதுக்கு வந்துவிட்டாள். விடிய, பின்னேரம், இரவு நீங்கள் பால் கொடுத்தால் போதும். பகலில் விட்டதை இரவில் பிடிப்பாள், ஆகவே முதல் கொஞ்ச நாள் நித்திரை குறையும். வீட்டுக்காரர் இரவில் பிள்ளையை ஆட்டிப் படுக்க வைக்கப் பழகட்டும். ஏணையில் படுக்க வைக்கிறீர்களென்றால் இனிமேல் கவனம், பிடித்து எழும்புகிற பிள்ளை தலைகீழாக விழும், பாயில் நுளம்பு வலையோடு போடுங்கோ.


கோண்டாவில் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா சொன்ன மாதிரி மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். இன்றைக்குப் பின்னேரம் அவரே மதிலடியில் காகம் காட்டிக்கொண்டு நின்றார், சிரட்டை அளவு கிண்ணத்தில் அரைவாசி உள்ளே போய்விட்டது. அவித்த கரட்டும் கையில் கொடுத்தேன், கடித்தாள், ஒருக்கா ஓங்காளித்து வெளியே தள்ளினாள், எனக்கு உயிரே போய்விட்டது, அவள் திரும்ப எடுத்துக் கடிக்கிறாள். அப்படி ஓங்காளிப்பது சரிதானா? வாக்கர் வேண்டாம் என்று மச்சாளுக்கு வொயிஸ் அனுப்பிவிட்டேன்.

பல்லுக்கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி வெட்டிக் குத்துவார்களே, அதுதான் இப்ப யோசனை. அவள் கையால் எடுக்கிறதுக்கு முன்னால் வைக்கிற தட்டில் என்னென்ன வைக்கலாம்?


ஓய்வுபெற்ற மருத்துவமாது:

ஓங்காளிப்பது சரிதான். இந்த வயதில் அந்த உணர்ச்சி நாக்கின் முன்பக்கமே இருக்கிறது, பெரிய துண்டு உள்ளே போகாமல் பிள்ளையே தள்ளுகிற வழி அது. சத்தம் வரும், முகம் சிவக்கும், நீங்கள் கை வைக்க வேண்டாம். சத்தமே வராமல், அழவோ இருமவோ ஏலாமல் முகம் நீலம் பாய்ந்தால் அதுதான் புரைக்கேறி அடைத்தது. உடனே உங்கள் முன்கையில் தலை கீழே இருக்கக் குப்புறப் பிடித்து, தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து தரம் தட்டுங்கோ. வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சு நடுவில் இரண்டு விரலால் ஐந்து தரம் அமத்துங்கோ, மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேட வேண்டாம், இன்னும் உள்ளே போய்விடும். ஒருவர் இதைச் செய்ய மற்றவர் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கட்டும். மாமிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒருக்கா பொம்மையில் செய்து காட்டுங்கோ.

கொழுக்கட்டை தாராளமாகக் கொட்டுங்கோ, மகளுக்கு அது ஒரே ஒரு தரம் வருகிற நாள். அவித்து நன்றாக ஆறின பிறகு கொட்ட வேணும், தலைக்குமேல் வெள்ளைத் துணியை இரட்டையாகப் பிடிக்கச் சொல்லுங்கோ. கொட்டுகிறதுக்கு விளிம்பை மட்டும் பல்லுப்போல நுள்ளி எடுத்த சின்னக் கொழுக்கட்டை செய்யலாம். சொட்டுக் குத்தினதை வேறு பெட்டியில் போட்டு வந்த சனத்துக்குக் கொடுங்கோ, உருண்டு பாயில் கிடந்தால் அவள்தான் முதலில் எடுப்பாள். உள்ளே பயறும் சர்க்கரையும் இருக்கும், அவளுக்கு வேண்டுமென்றால் வெறும் மாவில் ஒன்று மெத்தென்று அவித்துக் கொடுங்கோ. தட்டில் புத்தகம், பேனை, காப்பு, சிலேற், ஸ்டெதஸ்கோப் எதுவும் வைக்கலாம். பேனைக்கு மூடி வேண்டாம், கத்தரிக்கோலும் சில்லறைக் காசும் வேண்டாம், காசு என்றால் தாளாக வையுங்கோ. எதை எடுத்தாலும் அடுத்த நொடி வாய்க்குத்தான் போகும்.

எம்.எம்.ஆர். ஊசி போடுகிற கிழமையில் விழாவை வைக்காதீங்கோ. ஊசி போட்டு ஒரு கிழமையளவில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காயும், அதையும் பார்த்து நாளை எடுங்கோ.